மனு தணிகாசலத்தின் கோபம்

செத்துப்போன புருஷன் சட்டமன்ற உறுப்பினராகி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், அவருக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா? சேந்தனேரியில் இதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. புரோகிதரைக் கேட்டால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பதவிக்காலம் முடியட்டுமேம்மா, சேர்த்து வச்சுப் பண்ணிடலாம்" என்று நழுவிவிட்டார். குணசுந்தரி தன் பாட்டுக்கு அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். வைத்துவிட்டு உள்ளே வந்தால், "வெயில்ல நின்னியா குணா? கொஞ்சம் தண்ணி குடி" என்று கூடத்திலிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்கும். அப்படியானால் வெளியே சோற்றைக் கொத்திக்கொண்டிருப்பது யார் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் குழம்பிப் போகும்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். மாநிலத்தில் மணிக்கட்சியும் குடைக்கட்சியும்தான் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்தன. மணி மேல் ஆத்திரம் வந்தால் ஜனங்கள் குடைக்குப் போடுவார்கள். குடை மேல் ஆத்திரம் வந்தால் திரும்ப மணி. ஜெயித்தவர் எந்தக் கட்சியானாலும் அடுத்த மாதமே தலைநகரத்தில் வீடு பிடித்துக் குடிபோய்விடுவார். ஆட்சி ஆட்டம் கண்டால் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கடலோரச் சொகுசு விடுதியில் அடைத்து வைப்பார்கள். அங்கிருந்து வெளியே வரும்போது பாதிப் பேர் தோளில் வேறு நிறத் துண்டு இருக்கும். வெறுத்துப்போன ஜனங்கள் ஒரு தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அலுவலர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த மானக்கேட்டில் பிறந்ததுதான் மறைந்தோர் பிரதிநிதித்துவச் சட்டம். ஊருக்கு உழைத்துச் செத்துப்போன ஒருவரை, அவர் பேசியது, எழுதியது, தெரிந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றையும் வைத்து மறுபடி உருவாக்கித் தேர்தலில் நிறுத்தலாம். உருவானவர் ஒரு பெட்டிக்குள் இருப்பார். பார்ப்பார், கேட்பார், யோசிப்பார், பேசுவார். உயிரோடு இருக்கிற உறுப்பினர்கள் பண்ணின அட்டகாசத்தை மனதில் வைத்து இரண்டு விதிகளையும் போட்டார்கள். பெட்டி அவருடைய சொந்த வீட்டிலேயேதான் இருக்க வேண்டும், அங்கிருந்தபடியே சபையில் பேச வேண்டும். தொகுதிக்குள் எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் அவர் சபையில் சம்மதம் சொன்னால்தான் நிறைவேறும்.

"செத்தவன் கட்சி தாவ மாட்டான். பையனுக்கு சீட்டு கேட்க மாட்டான்" என்று டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. சேந்தனேரிக்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்து, ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்த 'மனு' தணிகாசலம் இருந்தாரே! மணியும் குடையும் டெபாசிட்டைப் பறிகொடுக்க, அவர் ஜெயித்தார்.

ஹவுசிங் போர்டு காலனியில் வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். தேர்தலுக்கு முன்னால் அந்த வரிசைக்கு வந்து, ஒவ்வொரு வீடாக ஏறித் தணிகாசலத்தைப் பற்றி விசாரித்துப் பதிவு செய்துகொண்டு போனாள் ஜெனோவா. மறைந்தவர்களை உருவாக்குகிற அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். நம் ஊரில் எழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாராவது செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்வார்களா? பரம எதிரியாக இருந்தவன்கூட மாலையைப் போட்டுவிட்டு, "தங்கமான மனுஷன்" என்பான். அப்படித்தான் ஊரே சொன்னது. தணிகாசலம் ஐயா தங்கம். அதிர்ந்து பேச மாட்டார். குழந்தை மாதிரி.

குணசுந்தரியிடம்தான் அதிக நேரம் பேசினாள் ஜெனோவா. குணசுந்தரி சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்குவழக்கில் பொய் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் அன்றைக்கு வாய் திறந்ததும் பொய்யாக வந்தது. "காலையில எழுந்ததும் சாப்பிட்டியான்னுதான் கேப்பார். வெயில்ல நின்னா தண்ணி குடின்னுவார். எனக்குக் காய்ச்சல் வந்தா அவரே கஞ்சி வைப்பார். கோபமா? எதுக்கு, எல்லாரும் நம்ம மனுஷங்கதானேன்னுவார்." சொல்லச் சொல்ல அவளுக்கே அது இனித்தது. இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

பெட்டி வந்து கூடத்தில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. முதல் நாள் அந்தக் குரல், "குணா" என்று கூப்பிட்டபோது அவள் தோள் தானாகக் குறுகியது. "சாப்பிட்டியாம்மா?" என்றது குரல். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து ஒரு நல்ல புருஷனாகி வீட்டுக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். என்னத்தைச் சொல்ல, அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான். காலையில் மனுக்காரர்கள் வருவார்கள், போவார்கள். மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பெட்டி ஊர்க் கதை கேட்கும். "சாம்பார் வாசனை வருதே, எனக்கு மூக்கு இல்லைன்னு யார் சொன்னது?" என்று வேடிக்கை பண்ணும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சில சமயம் மட்டும், தான் ஜெனோவாவிடம் சொன்ன வாக்கியம் அச்சு அசலாகத் திரும்பி வரும்போது, அவள் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். வீட்டில் தான் ஒருத்திதான் இருக்கிறோம், தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பயம் வரும். விளக்கைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாள்.

அப்புறம்தான் ஏரிக்கு ஆபத்து வந்தது.

தலைநகரத்துக் குப்பை முழுவதையும் கொண்டுவந்து சேந்தனேரி ஏரிக்கரையில் எரிப்பதற்கு ஓர் ஆலை. சாம்பலை ஏரியில் கொட்டி, ஏரியை மூடுவதாகத் திட்டம். அப்படி ஒன்று செங்கழனியில் ஏற்கெனவே வந்திருந்தது. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் புத்தகப்பையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்துக் குழாயையும் வைத்துக்கொண்டு போகிறார்கள். எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்கிற மணியும் குடையும் இந்த விஷயத்தில் மட்டும் ஒன்றாகக் கைதூக்கின. மிச்சம் இருந்தது தணிகாசலத்தின் ஒரு வார்த்தை. அவர் முடியாது என்று சொன்னால் தீர்ந்தது.

முதல் விவாதத்தில் அவர் பேசினதை ஊரே பார்த்தது. "அமைச்சர் ஐயாவும் நம்ம மனுஷங்கதான். பேசிப் பார்க்கலாம்" என்றார். சபையில் இரண்டு பக்கமும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரேணுகா, காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரேணுகாவின் மகள் அப்போது மாசமாக இருந்தாள். அவளையும் அழைத்து வந்திருந்தாள். பெட்டிக்குக் கேட்கக் கூடாது என்று எல்லோரும் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் நின்றார்கள்.

"குணாக்கா, அவர் கோபப்படணும்க்கா" என்றாள் ரேணுகா. "இப்படிக் கும்பிடு போட்டுக்கிட்டிருந்தா ஏரியும் போயிடும், நம்மளும் போயிடுவோம்."

"நான் என்னடி பண்றது? அவரு அப்படி."

"அப்படி இல்லையேக்கா." ரேணுகா கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குத் தெரியும். நீங்க சொன்னா அந்தப் பொண்ணு சேர்த்துப் போடும்."

குணசுந்தரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்னா, என்ன தெரியும்?"

மாசமாக இருந்த பெண் அவள் கையைப் பிடித்து, "பெரியம்மா, நான் உங்க சோத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவ" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சத்துணவில் முட்டை என்றால் உயிர், கூட ஒன்று கேட்டு நிற்பாள். குணசுந்தரிக்கு அது ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானம் அவள் பெட்டியிடமே கேட்டாள். "ஏங்க, உங்களுக்குக் கோபமே வராதா?"

"கோபமா? எதுக்கு, எல்லாரும் நம்ம மனுஷங்கதானே."

"ஏரியை மூடுறாங்களே, அப்பகூடவா?"

"பேசிப் பார்ப்போம் குணா. நீ ஏன் கவலைப்படறே? முகம் வாடியிருக்கு. சாப்பிட்டியா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், சத்தம் வராமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அன்பாக ஒருத்தர் கேட்பதை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ஊர் முழுவதற்கும் என்ன, தான் ஒருத்திதானா கிடைத்தோம் என்று இருந்தது. சாயங்காலம் ஜெனோவாவுக்குப் போன் பண்ணினாள்.

ஜெனோவா வந்ததும் முதலில் பெட்டியைத் தூங்க வைத்தாள். பிறகு குணசுந்தரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு எங்க மேலயும் இருக்கும்மா. எங்ககிட்ட இருக்கிறது ஐயா வெளியில பேசின பதிவு மட்டும்தான். போன்ல பேசினது, கூட்டத்துல பேசினது. அதுல ஒரு இடத்துலகூடக் குரல் உசரலை. கூடவே ஊரே அமைதியானவர்னு சொல்லிடுச்சு. அப்ப மெஷின் என்ன பண்ணும்? இந்த மனுஷனுக்குக் கோபம்னு ஒண்ணு கிடையாதுன்னு முடிவு கட்டிடும்."

"வெளியில குரலே உசரலையா? கலெக்டரையே கிழிச்சுட்டு வந்தேன்னு சொல்லுவாரே."

"கேமரா இருக்கிற இடத்துல எல்லாரும் அடங்கித்தான்மா பேசுவாங்க. அதை வச்சுச் சொல்ல முடியாது." ஜெனோவா பதிவுக் கருவியைக் கையில் எடுத்தாள். "திருத்தம் பண்ணணும்னா கூட இருந்தவங்க சொல்லணும். கோபக்காரர்னு மொட்டையா சொன்னா பத்தாது. என்ன நடந்துச்சு, அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்னு சொல்லணும். முடியுமாம்மா?"

குணசுந்தரி சொன்னாள். முதலில் ஒரு நாள் உப்பு குறைந்த குழம்பைச் சட்டியோடு சுவரில் அடித்ததைச் சொன்னாள். மஞ்சள் கறை போகாததால், அவளையே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஊரிலிருந்து வந்த அண்ணன் முன்னால் அவளை வாய்க்கு வந்தபடி பேசியதையும், அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வராததையும் சொன்னாள். இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். அது முழுதாக மடங்காது. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருந்தாள். அவர் போட்ட வார்த்தைகளை, அதே ஏற்ற இறக்கத்தோடு, அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவள் குரல் அவர் குரலாகவே ஆகிவிட்டதைக் கேட்டு ஜெனோவா ஒரு தடவை பின்னால் நகர்ந்தாள்.

"திங்கட்கிழமைன்னா எனக்குக் காலையிலேருந்தே பயம். அன்னிக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. ஊருக்காகப் போய் அதிகாரிங்ககிட்டக் கத்திட்டு வர்றார், அந்தச் சூடு ஆறாம வீட்டுக்குள்ள வருது, நமக்குக் கொஞ்சம் தெறிக்குது, என்ன பண்றதுன்னு நெனச்சுக்குவேன். அப்படி நெனச்சுத்தான் ஓட்டினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஒரு ஜென்மத்துகிட்ட நான் சொன்னதில்லம்மா."

ஜெனோவா கருவியை அணைத்தாள். "இதைச் சேர்த்தா இது இந்த வீட்டுலதான்மா இருக்கப்போகுது. இப்ப இருக்கிறவர் போயிடுவார். சேர்த்ததைத் திரும்ப எடுக்கணும்னா பதவிக்காலம் முடியணும். வேண்டாம்னா சொல்லுங்க, அழிச்சுட்டுப் போயிடறேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஏரிக்கு வேற வழி இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"பெட்டிக்குக் கை இருக்கா?"

"இல்லம்மா. குரல் மட்டும்தான்."

"அப்ப சேர்த்துக்கோ" என்றாள் குணசுந்தரி. "குரல்தானே."

ஜெனோவா திருத்தத்தைச் சேர்க்கும் முன், பெட்டியை ஒரு தடவை எழுப்பச் சொன்னாள் குணசுந்தரி. ஜெனோவா எழுப்பிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். "தூங்கிட்டேன் போலிருக்கே குணா" என்றது பெட்டி. "நீ சாப்பிட்டியா?" "சாப்பிட்டேங்க" என்றாள் அவள். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

திருத்தம் முடிந்த பிறகு பெட்டி அதிகம் பேசவில்லை. மனுக்காரர்கள் வந்தால் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த மௌனம் கூடவே வந்தது. அவளுக்குத் தெரிந்த மௌனம் அது. அவர் உயிரோடு இருந்தபோது திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு அப்படித்தான் இருப்பார். அவள் கால் கொலுசைக் கழற்றி வைத்தாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். இத்தனை நாள் மறந்திருந்த பழக்கமெல்லாம் யாரும் சொல்லாமல் திரும்பி வந்தன. பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்குள்ளே ஒரு தெம்பும் இருந்தது. வந்துவிட்டார், இனி அமைச்சர் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சபை கூடியது. சபை நடக்கும்போது உறுப்பினரோடு, பெட்டியைப் பார்த்துக்கொள்கிற காப்பாளர் ஒருவர்தான் இருக்கலாம் என்பது விதி. அதனால் ஊர் ஜனமெல்லாம் சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் பார்த்தார்கள். குணசுந்தரி தனியாகப் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். உட்காரத் தோன்றவில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேரவைத் தலைவர் தணிகாசலத்தின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் ஐயா அவர்களே" என்று ஆரம்பித்தது குரல். அவள் முந்தானையைக் கசக்கிப் பிடித்தாள். "எங்க ஊர் ஏரியில..."

"உறுப்பினர் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்."

"சரிங்கய்யா. சுருக்கமா சொல்லிடறேனுங்கய்யா. ஏரித் தண்ணிதான் எங்களுக்குக் குடிக்க... அதான், தாங்கள் பெரியவங்க, கொஞ்சம் பார்த்துச் செய்யணும்னு பணிவோட..."

அமைச்சர் எழுந்தார். "அதெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். உறுப்பினர் அரசின் வல்லுநர்களைவிட அதிகம் படித்தவரா? தெரிந்தால் சொல்லட்டும்." சபையில் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். மணிக்காரர்களும் சிரித்தார்கள், குடைக்காரர்களும் சிரித்தார்கள்.

'இப்போ, இப்போ' என்று குணசுந்தரியின் உதடு முணுமுணுத்தது. அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கு சிரித்ததற்கு அவள் அடி வாங்கியிருக்கிறாள்.

"இல்லைங்கய்யா" என்றது குரல். அவள் அந்தக் குரலை அப்படிக் கேட்டதே இல்லை. அது தரையோடு தரையாக ஊர்ந்தது. "நான் என்னங்கய்யா கண்டேன். தப்பா பேசியிருந்தா மன்னிக்கணும்."

"சம்மதமா, இல்லையா?" என்றார் பேரவைத் தலைவர்.

"ஐயா சொன்னா சரிங்கய்யா. சம்மதம்."

சிவப்பு விளக்கு அணைந்தது.

குணசுந்தரி நின்ற இடத்திலேயே நின்றாள். இப்படித்தானா? எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தானா? கலெக்டரைக் கிழித்தேன், தாசில்தாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன் என்று வந்து சொன்னாரே. ஊருக்காகக் கத்திவிட்டு வருகிறார் என்று நினைத்து, அதற்காகவே தாங்கி, தாங்கினதை ஒரு புண்ணியம் போல வைத்துக்கொண்டிருந்தாளே. எந்தப் பதிவிலும் குரல் உயரவில்லை என்று ஜெனோவா சொன்னது அவ்வளவும் உண்மை. அங்கே ஒரு நாளும் ஒரு சத்தமும் எழுந்ததில்லை. செத்தவர் மேல் இல்லை, தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏய்!"

அவள் தோள் குறுகியது.

"என்னத்தைடி மரம் மாதிரி நிக்கறே? உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் பேச ஆரம்பிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்! எதிரே வந்து நின்னுட்டா சனியன் மாதிரி. எந்தக் காரியம்டி உருப்படும்? அத்தனை பேர் முன்னால சிரிக்கறானுங்க, கேட்டுக்கிட்டு நிக்கறே நீ. உள்ளே போடி! போய்க் காபி கொண்டா!"

பெட்டி இருந்த மேசை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் கால் தானாக அடுப்படிக்குப் போனது. கை தானாகப் பாலை வைத்தது. பொங்கி வரும்போது சரியாக இறக்கியது, டிகாக்ஷன் ஊற்றியது, சர்க்கரை தூக்கலாகப் போட்டது, இரண்டு ஆற்று ஆற்றியது. கூடத்திலிருந்து அவள் அப்பனை, அவள் வம்சத்தை, அவள் பெறாத பிள்ளையை இழுத்துக் குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் டம்ளரைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது.

அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவி பறந்தது. குடிக்க வாய் இல்லாதவருக்கு, அவர் பிரியப்படுகிற சூட்டில், சர்க்கரை தூக்கலாக. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அதில் அவள் உட்கார்ந்ததில்லை. ஒரு வாய் குடித்தாள்.

"எங்கேடி உட்கார்ந்திருக்கே? எழுந்திருடி! திமிரா? எழுந்திருன்னா..."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குரல் அந்த வார்த்தையிலேயே நின்றது. நின்று, கொஞ்சம் செருமிக்கொண்டது.

"யாரு, வாங்கம்மா. உள்ளே வாங்க. மனு ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?"

தேன் மாதிரி இருந்தது. குணசுந்தரி திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ரேணுகா, அவள் மகள், பின்னால் காலனிப் பெண்கள். சமுதாயக் கூடத்திலிருந்து வந்தவர்கள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார்களோ. எல்லார் முகத்திலும் ஏரி போன துக்கம் இருந்தது. ஆனால் ஒரு முகத்திலாவது ஆச்சரியம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை.

"ரேணு" என்றாள். "கேட்டுதா?"

ரேணுகா உள்ளே வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தாள். "கேட்டுதுக்கா."

"இப்ப மட்டும்தானா?"

ரேணுகா இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"நான் கல்யாணமாகிப் பக்கத்து வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்க்கா. எல்லாருக்கும் கேக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டே போட்டோம். வீட்டுலயே இப்படிக் கத்துறவர், நமக்காகச் சபையில எப்படிக் கத்துவார்னு."

குணசுந்தரி அவளையே பார்த்தாள். "ஒரு நாளாவது சுவரைத் தட்டியிருக்கலாமே, ரேணு."

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

"குணா, பாவம் எல்லாரும் வெயில்ல வந்திருக்காங்க" என்றது பெட்டி, அந்த ஒரு வருஷத்துக் குரலில். "எல்லாருக்கும் காபி போடும்மா."

குணசுந்தரி எழுந்திருக்கவில்லை.